நூற்றைம்பத்தாறு சதுரங்கள்

போர்வை கட்டிலின் விளிம்பை எட்டவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் அதை இடப்பக்கம் இழுத்தார். வலப்பக்கம் ஏறிக்கொண்டது. வலப்பக்கம் இழுத்தார். இடப்பக்கம் ஏறிக்கொண்டது. இரட்டைக் கட்டிலை நாலு முறை சுற்றி வந்த பிறகு, போர்வை இனி வளரப்போவதில்லை என்பது அவருக்கே தெரிந்துவிட்டது.

மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிய மனைவி கைப்பையோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, ரெட்டைக் கட்டிலுக்குன்னுதானே சொன்னீங்க?"

"ஆறு இஞ்சு சதுரம். குறுக்கே பன்னிரண்டு, நெடுக்கே பதிமூணு. மொத்தம் நூத்தி அம்பத்தாறு துண்டு. பன்னிரண்டு ஆறு எழுபத்திரண்டு. கணக்கு சரியாத்தாம்மா இருக்கு."

"கணக்கு சரியா இருக்கு. அதைப் போர்த்திக்கிட்டுத் தூங்க முடியுமா?"

அவர் இஞ்சு டேப்பைச் சுருட்டினார். அவள் பரணை ஒரு முறை பார்த்தாள்.

பரணில் ஒரு கிட்டார் இருந்தது, நாலு கம்பி வரை கற்றுக்கொண்டது. தண்ணீர் பார்க்காத மீன் தொட்டி ஒன்று இருந்தது. இரண்டு அத்தியாயங்கள் படித்த சதுரங்கப் புத்தகம் இருந்தது. எல்லாவற்றையும் அவர் மிகுந்த உற்சாகத்தோடு தொடங்கியிருந்தார். தொடங்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்கப் போனவர், மூன்றாம் மாடியில் திறந்திருந்த ஒரு கதவைப் பார்த்தார். உள்ளே ஒரு தையல் வகுப்பில் ஏழு பெண்கள் துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைத்துக்கொண்டிருந்தார்கள். சுவர் முழுக்க நிறம். லிஃப்டுக்குள் ஒருவர் மாட்டிக்கொண்டிருப்பதையே மறந்து அரைமணி நேரம் நின்றுவிட்டார். அன்று மாலையே எட்டாவது ஆளாகச் சேர்ந்தார்.

மனைவி அப்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "மூணாவது மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை கண்காட்சின்னு சொல்றீங்க. அதுல உங்க போர்வை தொங்கணும். தொங்கலைன்னா, இனிமே புதுசா எதையும் இந்த வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாது. கடைசி வரைக்கும் டிவிதான் பாக்கணும்."

"சரி" என்று கையடித்துக் கொடுத்திருந்தார். இப்போது இன்னும் நாலு வாரம்தான் இருந்தது.

மாலை வகுப்பில் டீச்சர் போர்வையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒவ்வொரு ஓரத்துலயும் கால் இஞ்சு தையலுக்குள்ள போயிடும் சார். ஒரு சதுரத்துக்கு அரை இஞ்சு. அப்ப பன்னிரண்டு சதுரத்துக்கு?"

"அரை அடி" என்றார் மெக்கானிக், யாருக்கும் கேட்காத குரலில்.

"போகட்டும். முதல் போர்வையை யாரும் அழகுக்காகத் தைக்கிறதில்லை. முடிக்கிறதுக்காகத் தைக்கிறோம். ஆனா பாருங்க, மூலைகள் ஒண்ணோட ஒண்ணு சேரலை. இந்தக் கட்டம் வடக்கே பாக்குது, பக்கத்துக் கட்டம் கோவிச்சிக்கிட்டுப் போகுது. தையலைப் பிரிச்சு, திரும்பத் தைங்க."

பிரிப்பதற்கென்று முள் போன்ற ஒரு சின்னக் கத்தியையும் கொடுத்தார்.

வீட்டில் அதை வைத்து ஒரு தையலைப் பிரிக்க அவருக்கு இருபது நிமிடமானது. பிறகு திடீரென்று எழுந்து நின்றார்.

"கண்டுபிடிச்சிட்டேன்!"

கல்லூரிக்குப் போகும் மகள் புத்தகத்திலிருந்து தலை தூக்கினாள். "என்னப்பா?"

"எதுக்குப் பிரிக்கணும்? தையலை ஒட்டிக் கத்தரியால வெட்டிட்டா, துண்டு தனியா வந்துடும். இரும்புல எது நீட்டிக்கிட்டு இருக்கோ அதை அரம் வச்சு ராவிடறோம்ல, அதே மாதிரி. பிரிக்கிறதுன்னா பின்னாடி போறது. நான் பின்னாடி போற ஆள் இல்லை."

"லிஃப்ட் கீழேயும் போகும்லப்பா?"

அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நூற்றைம்பத்தாறு துண்டுகளையும் வெட்டி எடுத்தார். நூற்றைம்பத்தாறையும் திரும்பத் தைத்தார். பாதி மூலைகள் சேர்ந்தன. மீதிப் பாதிக்காக இன்னொரு முறை வெட்டித் தைத்தார். முக்கால்வாசி சேர்ந்துவிட்டன. மகிழ்ச்சி தாங்காமல் மகளின் ஒற்றைக் கட்டிலில் விரித்தார்.

"உனக்குத்தான்! ரெட்டைக் கட்டிலைவிட இது எடுப்பா இருக்கு."

மகள் படுத்துப் பார்த்தாள். பாதம் இரண்டும் வெளியே நின்றன.

"காலை மடக்கிக்கிட்டா கச்சிதமா இருக்குப்பா" என்றாள், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு.

"எதிர்வீட்டுல குழந்தை பொறக்கப்போகுதுல்ல? குழந்தைக்குக் கால் நீளமில்லை" என்றாள் மனைவி.

அது கிண்டல் என்பது அவருக்குக் கொஞ்சமும் படவில்லை. "அட, ஆமா!" என்று குதித்தார்.

குழந்தைக்கு என்றால் துவைத்துத்தான் கொடுக்கவேண்டும். துவைத்தார். சிவப்புத் துணியின் சாயம் நாலு பக்கமும் வெள்ளைக்குள் இறங்கி, ஒவ்வொரு சதுரமும் வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஆகிவிட்டது. சாயம் ஏறிய விளிம்புகளை எல்லாம் வெட்டி எறிந்தார். திரும்பத் தைத்தார். இந்த முறை மூலைகளைச் சேர்ப்பதற்கு முன் குண்டூசி குத்திக்கொண்டார். ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் சேர்ந்தன.

தொலைபேசியில் டீச்சரைக் கூப்பிட்டார். "மூலை சேருது டீச்சர்! சேருது!"

"சந்தோஷம் சார். இஸ்திரி போட்டுட்டுக் கொண்டுவாங்க."

இஸ்திரி போட்டார். மகளின் பழைய நைலான் உடையிலிருந்து வெட்டிய துண்டுகள் சூட்டில் அப்பளமாகச் சுருங்கின. கூடவே பக்கத்துத் துண்டுகளையும் இழுத்துக்கொண்டன.

மெக்கானிக் பரணைப் பார்த்தார். கிட்டாருக்கும் மீன் தொட்டிக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருந்தது. போர்வை இப்போது அந்த இடத்தில் அழகாகப் பொருந்தும். அவர் சட்டென்று பரணுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

நைலானைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதற்குப் பதிலாகக் கையில் கிடைத்த சின்னப் பருத்தித் துண்டுகளைச் சேர்த்தார். மற்றவற்றையும் அதே அளவுக்கு வெட்டினார். தைத்த பிறகு ஒன்றரை இஞ்சு சதுரம் மிஞ்சியது. நூற்றைம்பத்தாறும் சேர்ந்தபோது அது ஒரு தலையணை உறை.

"தலையணை இல்லாத வீடு உண்டா?" என்றார் எழுந்து நின்று. உற்சாகம் திரும்பிவிட்டது.

மனைவி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "மூலை எல்லாம் சேர்ந்துதானே இருக்கு? அப்படியே முடிச்சுக் கொடுத்துடுங்களேன்."

"சேரலைம்மா. இதோ இங்க பாரு. ஒரு மயிரிழை விலகியிருக்கு."

"எங்கங்க?"

"இங்க. கண்ணை உறுத்துதே, உனக்குத் தெரியலையா?"

அவளுக்குத் தெரியவில்லை. மகளுக்கும் தெரியவில்லை. போன மாதம் கட்டைவிரல் அகலத்துக்கு விலகியிருந்ததே தெரியாத மனிதர், இப்போது ஒரு மயிரிழைக்காகச் சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். வெட்டினார். தைத்தார். இன்னொரு மயிரிழை அகப்பட்டது. வெட்டினார்.

சனிக்கிழமை மதியம் மேஜை மேல் நூற்றைம்பத்தாறு துண்டுகள் கிடந்தன. தைத்து முடித்தால் ஒரு சதுரம் அரை இஞ்சுதான் வரும். ஜன்னல் வழியே காற்று வந்தால் போர்வையே பறந்துவிடும். மகள் போய் ஜன்னலைச் சாத்தினாள். மின்விசிறியையும் நிறுத்தினாள்.

"இனிமே வெட்ட ஒண்ணும் இல்லப்பா."

"தெரியும். இதான் கடைசி."

மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கையால் தைக்கத் தொடங்கினார். பத்தாவது துண்டில் ஊசிக்காது தெரியவில்லை. அப்போது யாரோ பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். மனைவி. கையில், மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்க்கும் பூதக்கண்ணாடி.

"நான் பிடிச்சிக்கிறேன். நீங்க தைங்க."

"இன்னிக்குக் கடை?"

"லீவு சொல்லிட்டேன். பேசாம தைங்க, பொழுது சாயுது."

இருட்டுவதற்குள் பஞ்சு வைத்து, அடித்துணி கொடுத்து, ஓரம் மடித்து முடித்துவிட்டார். நூற்றைம்பத்தாறு சதுரங்கள். எல்லா மூலைகளும் சேர்ந்திருந்தன. மொத்தப் போர்வையும் அவர் விரித்த கை அளவுதான். வாழ்நாளில் அவர் முடித்த முதல் பொருள். மகள் கைதட்டினாள். மனைவி பூதக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சிக் கூடத்தில், புதியவர்களின் வரிசையில் ஏழு பெண்களின் போர்வைகள் கூரையிலிருந்து தரை வரை தொங்கின. மெக்கானிக் சட்டைப்பையிலிருந்து தன் போர்வையை எடுத்தார்.

பெயர் பதிவு செய்த பெண் அதைப் பார்த்தாள். "இது சாம்பிள் துண்டு. போர்வை எங்க சார்?"

"அதுதாம்மா போர்வை."

அவள் திருப்பிப் பார்த்தாள். மெல்ல எண்ணத் தொடங்கினாள். அறுபதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு எழுந்தாள். "சார், நீங்க தப்பான வரிசையில நிக்கிறீங்க. உள் அறைக்கு வாங்க."

உள் அறையில் கூட்டம் இல்லை. கண்ணாடிச் சட்டங்களுக்குள் சின்னஞ்சிறு போர்வைகள் ஆறு தொங்கின. வாசலில், 'மிகச் சிறிய போர்வைகள் – கைதேர்ந்தவர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் ஏழாவதாக அவருடையதும் மாட்டப்பட்டது. நடுவர்கள் இருவர் வந்து மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்தார்கள். போகும்போது அதன் கீழே 'மூன்றாம் பரிசு' என்ற அட்டையைக் குத்திவிட்டுப் போனார்கள்.

"அப்பா!" என்று மகள் கத்தினாள். மனைவி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

அவருக்குக் குதிக்கவேண்டும் போலவும், ஓடிவிடவேண்டும் போலவும் இருந்தது. இது ஏமாற்று வேலை இல்லையா? கைதேர்ந்தவர்கள் வருடக்கணக்கில் பாடுபட்டு வந்து சேர்ந்த இடத்தில், கத்தரிக்கோலால் வழி தவறி வந்தவருக்கு என்ன வேலை?

பக்கத்தில் தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் அவருடைய மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பரிசு அவருக்குத்தான். ஆறு வருடமாக அவருக்குத்தானாம்.

மெக்கானிக்கால் அடக்க முடியவில்லை. அருகே போய்க் குனிந்தார்.

"அம்மா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நான் கைதேர்ந்தவன் எல்லாம் இல்லை. தப்பு மேல தப்பாப் பண்ணி, வெட்டி வெட்டி இப்படி ஆகிப்போச்சு. இது உண்மையில ரெட்டைக் கட்டிலுக்குத் தைச்ச போர்வை."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு யாரும் கேட்கிறார்களா என்று அறையைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. இங்க தொங்குற ஏழும் ரெட்டைக் கட்டிலுக்குத் தைச்சதுதான்."