மூன்றாம் வரிசை வேந்தர் முப்பத்தொன்றாம் வரிசை புகுந்த படலம்

வாழ்க! ஒரு மணி நேரத்தில் எட்டும் ஊருக்கு இரண்டு ஊர் சுற்றி ஏழு மணி நேரம் பறந்து, பயணப் புள்ளிமேல் புள்ளி குவித்து விமான நிறுவனத்தின் தங்க அட்டை வென்ற தனிப்பெருந்தலைவர், தண்ணீர் மோட்டார் விற்கும் தகைசால் வீரர், கழுத்துத் தலையணை பூண்ட காவலர் வாழ்க! அவர் விமான நிலையத்தில் பொருத பெரும்போரைச் சொல்கிறேன், கேளுங்கள் கண்ணுகளே.

அன்று உடன்வந்த அவர் மனைவி தையற்காரி. விமானம் ஏறுவது அதுவே முதல்முறை. அவள் கேட்ட வரம் ஒன்றே.

"மேல கிளம்புறப்போ உங்க கையைப் புடிச்சுக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

அடுத்தடுத்த இருக்கைகளை முன்னமே தேர்ந்தெடுக்கச் சிறுகட்டணம் கேட்டது விமான நிறுவனம். சினந்தெழுந்தார் வேந்தர்.

"தங்க அட்டைக்காரன் சீட்டுக்குக் காசு குடுப்பானா? அட்டையைக் காட்டினா அவனே சேத்துத் தருவான், நீ பாரு!"

ஆனால் அம்மதியூகி செய்திருந்த வேலை என்ன தெரியுமா? புதுப்புள்ளி சேரட்டும் என்று தன் டிக்கெட்டைக் காசுக்கும், பழம்புள்ளி கரையட்டும் என்று அவள் டிக்கெட்டைத் தனியாகப் புள்ளிக்கும் எடுத்திருந்தார்.

"சாருக்கு மூணாவது வரிசை ஜன்னல், இலவசம்" என்றாள் கவுண்டர்ப் பெண். "மேடம் டிக்கெட் தனியா இருக்கு, அட்டைச் சலுகை அதுக்குக் கிடையாது. கடைசி வரிசை, முப்பத்தொண்ணு. சார் பக்கத்துல ஒரே சீட்டு காலி. காசு கட்டினா தரலாம்."

"கட்டித் தொலைங்களேன்" என்றாள் மனைவி.

கட்டுவாரா! மதயானை பிளிறியதென, மலையருவி சரிந்ததென, பதினோராண்டுப் பயணப் பெருமையும், தன்னை வரவேற்ற ஓய்வறைகளின் எண்ணிக்கையும், மேலாளரை அழைக்கும் ஆணையும் ஒருசேர முழங்கி, மேசைமேல் அட்டையை வாளென ஓங்கி அவர் நின்ற அந்தக் கால்மணி நேரத்தில், பக்கத்துக் கவுண்டரில் அரைக்கால் சட்டை அணிந்த ஒருவர் சத்தமே போடாமல் காசு கட்டி அந்த இருக்கையை வாங்கிக்கொண்டு போனார்.

விமானத்துள் அந்த அரைக்கால் சட்டைக்காரரிடமே இருக்கை மாற்றித்தர இரந்தார் வேந்தர்.

"காசு குடுத்து வாங்கினதுண்ணே" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இயந்திரம் உறுமிற்று. இருபத்தெட்டு வரிசைக்கு அப்பால், முன்னிருக்கையை இரு கையாலும் பற்றியபடி எட்டிப்பார்த்தது ஒரு வெளிறிய முகம். அதைக் கண்ட மாத்திரத்தில் அரியணை துறந்த அண்ணல், தலைக்குமேல் பைகளைத் திணித்துக்கொண்டிருந்த சேனையை ஊடறுத்து, "சார், உக்காருங்க சார்!" என்ற பணிப்பெண்ணின் கணைகளை மார்பில் ஏற்று, கடைசி வரிசை சேர்ந்து, மனைவியருகே இருந்த கண்ணாடிக்காரரை நோக்கிப் பிரகடனம் செய்தார்:

"மூணாவது வரிசை, ஜன்னல் சீட்டு! எடுத்துக்குங்க!"

அவர் முடிக்குமுன் கண்ணாடிக்காரர் முன்வரிசையில் இருந்தார்.

"வந்துட்டாரு மகாராசா" என்று முணுமுணுத்தவள், சக்கரம் தரைவிட்ட கணத்தில் அவர் கையை நகம் பதியப் பிடித்தாள். திசையெட்டும் வென்ற பெருமிதத்தோடு, செம்மாந்து, முதுகு சாய்த்தார் வீரர்.

கடைசி வரிசை சீட்டு பின்னால் சாயாது.