வளைந்த மாடிப்படி வேண்டுவோர் மீது ஒரு குற்றச்சாட்டு

குற்றம் நடந்த நாள் ஜூன் பதினேழு, சனிக்கிழமை. இடம், கடைவீதிக்குப் பின்னால் உள்ள குறுக்குத் தெரு. பாதிக்கப்பட்டது ஒரு வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், வெயில் தாராளமாக விழும் சமையலறை, பின்பக்கம் துணி உலர்த்தக் கொஞ்சம் இடம், இவற்றோடு நியாயமான விலைக்கு ஒரு பாவமும் அறியாமல் நின்றுகொண்டிருந்த மேற்படி வீட்டை, வாங்குவதற்கு வசதி இருந்தும், வங்கிக் கடனுக்கு ஒப்புதல் கிடைத்திருந்தும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா..." என்று இழுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார் ஒருவர். அவர் மீது தனிப்பட்ட பகை கிடையாது. குற்றச்சாட்டு அவருடைய இனத்தின் மீது.

அந்த இனத்துக்குக் 'கனவு இல்லத்தார்' என்று பெயர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். விற்பனைக்கு வந்த வீட்டுக்குள் நுழைந்ததும் விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், மருத்துவர் நோயாளியின் முதுகைத் தட்டுவதுபோல. என்ன சத்தம் வர வேண்டும்? அது அவர்களுக்கும் தெரியாது. குழாயைத் திறப்பார்கள், மூடுவார்கள், இன்னொரு முறை திறப்பார்கள். ஜன்னலருகே நின்று எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். விலையை மட்டும் கேட்க மாட்டார்கள். விலை கட்டுப்படியாகிவிட்டால், வாங்க வேண்டி வந்துவிடுமே.

நம் குற்றவாளி ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துபவர். அவருடைய மனைவி பல் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருபவள். வலிக்கிற பல்லைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே "அடுத்த வாரம் வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நாள் முழுதும் பார்ப்பவள். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் ஒருவர்.

அவளுக்கோ அவகாசம் இல்லை. அவர்கள் இருந்த வாடகை வீட்டின் மாடியில் குடியிருந்த சொந்தக்காரர், தம் மகள் குடும்பத்தோடு வருவதால் ஆண்டு முடிவதற்குள் காலிசெய்து தர வேண்டும் என்று மிகவும் மரியாதையாகச் சொல்லியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஊரார் வீடுகளாக மாறி மாறி, ஒவ்வொரு முறையும் அதே அட்டைப் பெட்டிகளைக் கட்டி அவிழ்த்தவள் அவள். இந்த முறை கட்டுகிற பெட்டியைச் சொந்த வீட்டில்தான் அவிழ்ப்பது என்று தீர்மானித்திருந்தாள். அந்தக் குறுக்குத் தெரு வீட்டின் சமையலறையில் நின்றபோதே, எந்தப் பாத்திரம் எந்த அலமாரித் தட்டுக்குப் போகும் என்று மனதுக்குள் அடுக்கியும் முடித்துவிட்டாள்.

"ஏங்க, என்ன குறைன்னாவது சொல்லுங்களேன்."

"குறைன்னு இல்லம்மா. மனசுல ஒட்டல."

"வீடு என்ன ஸ்டாம்பா, ஒட்டுறதுக்கு?"

அவர் மனதில் வேறொரு வீடு ஏற்கெனவே ஒட்டியிருந்தது. அதில் கூரைவரை புத்தக அலமாரி உண்டு. அதன்மேல் சாய்த்து வைக்க ஓர் ஏணி உண்டு. கிழக்கு ஜன்னல் உண்டு, ஜன்னலுக்கு வெளியே மரம் உண்டு, மரத்தில் பறவையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கூடத்திலிருந்து வளைந்து ஏறும் மாடிப்படி ஒன்று உண்டு. அந்த வீட்டுக்கு இல்லாதது விலாசம் ஒன்றுதான்.

விற்கிறவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். மகனோடு போய் இருக்கப் போகிறவர், பொறுமைசாலி.

"மாடிப்படி வளைஞ்சு ஏறுனா ஒரு அழகு இருக்கு, பாருங்க" என்றார் பிழைதிருத்துபவர்.

"இந்த வீட்டுக்கு மாடியே இல்லையே சார்."

"அதைத்தாங்க நானும் சொல்றேன்."

நடத்துநர் அவளைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

இருந்தாலும் பிழைதிருத்துபவர் அந்த வீட்டை விட்டுவிடவில்லை. அதுதான் இந்த இனத்தின் தனிச்சிறப்பு. வாங்கவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள். அடுத்த வாரமே போனார். குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்றார். நடத்துநர் மாற்றினார். வாசற்கதவு முனகுகிறது என்றார். தச்சர் வந்தார், முனகல் நின்றது. குளியலறைத் தரையில் தண்ணீர் வடிகாலை விட்டுவிட்டு வாசலைத் தேடி ஓடுகிறது என்றார். தரையைப் பெயர்த்து மறுபடியும் பதித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்ததைக் கண்டு, காரியம் கைகூடி வருகிறது என்று அவள் நம்பினாள்.

அவர் நம்பியதோ வேறு. அச்சகத்தில் அவர் பிழை குறித்த தாள் எழுத்துக் கோப்பவரிடம் போகும், திருத்தி வரும், மறுபடியும் குறிப்பார், மறுபடியும் வரும். 'அச்சிடலாம்' என்று அவர் கையெழுத்திடும்வரை இயந்திரம் ஓடாது. எத்தனை ஆண்டுப் பழக்கம்! தாம் கையெழுத்திடும்வரை அந்த வீடும் இடத்தைவிட்டு அசையாது என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

கடைசியாகப் போனபோது நடத்துநர் நாற்காலியைக்கூட இழுத்துப் போடவில்லை.

"சார், ஏறுறதுன்னா ஏறுங்க, இறங்குறதுன்னா இறங்குங்க. படியிலயே நின்னுட்டு வந்தா மத்தவங்க எப்படி ஏறுவாங்க?"

"சேச்சே, அவசரப்பட்டு எடுக்கிற முடிவா இது?"

"நாளைக்கே முன்பணம் குடுத்துடலாம்ங்க" என்றாள் அவள், வரும் வழியில். குரல் அவளுக்கே சற்றுக் கெஞ்சலாகப் பட்டது.

"வீடு முழுக்க வெள்ளை அடிச்சுத் தரச் சொல்லியிருக்கேன், அடிச்சதும் ஒரு தடவை பாத்துடுவோம்மா."

வெள்ளை அடித்தார்கள். அந்த வார இறுதியில் அவளுடைய தம்பி தொலைபேசியில் அழைத்தான். மின்சாமான் கடை வைத்திருப்பவன். எதையும் நின்ற இடத்தில் முடிப்பவன்.

"அக்கா, அந்தக் கண்டக்டர் வீட்டை நான் முடிச்சுட்டேன். பத்திரமும் பதிஞ்சாச்சு."

"நீ அந்த வீட்டைப் பாக்கவே இல்லையேடா?"

"மாமா இத்தனை தடவை பாத்திருக்காரே, நான் வேற எதுக்கு? குழாய், கதவு, தரை எல்லாத்தையும் திருத்தி வாங்கிட்டாரு. உங்களுக்குப் பிடிக்கலன்னு மாமாதான் சொன்னாரு. இல்லன்னா நான் தொடுவேனாக்கா?"

அவள் நன்றாக இரு என்று மட்டும் சொன்னாள். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். பிழைதிருத்துபவர் உதவிக்கு வந்தார். வேண்டாம் என்றாள்.

ஆண்டு முடியுமுன் வேறு வீடு அமையவில்லை. தம்பிக்கு இருக்க ஏற்கெனவே வீடு உண்டு. இது வாடகைக்கு விட வாங்கியது. "யாருக்கோ விடுறதுக்கு நீங்களே இருந்துடுங்களேன்" என்றான். இருந்துவிட்டார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. குடிவந்த மறுநாளே பிழைதிருத்துபவர் சமையலறை வெயிலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். "காத்து என்னமா வருது பாத்தியா? வாடகைக்கு இதைவிட என்னம்மா வேணும்?" என்றார். மாடி இல்லாதது முழங்காலுக்கு நல்லதாம். எதிர்வீட்டுக் கொடியில் துணி காய்வது பார்க்க உயிரோட்டமாக இருக்கிறதாம். குறை என்று ஒன்று அவர் கண்ணில் படவே இல்லை.

அவள் அடுப்புக்கு மேல் ஒரு பலகை அடிக்க நினைத்தாள். சுத்தியலைக் கையில் எடுத்தவள் அதைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியை அழைத்தாள்.

"சுவத்துல ஒரு பலகை அடிச்சுக்கட்டுமாடா?"

"இதையெல்லாமா கேப்ப? அடிச்சுக்கோக்கா." சற்று நின்று சொன்னான்: "புதுசா வெள்ளை அடிச்ச சுவரு, ரொம்ப ஆணி வேணாம்."

ஒரே ஒரு ஆணி அடித்தாள். பலகைக்கு அது போதவில்லை. ஒரு கரண்டியை மாட்டி வைத்தாள். பிழைதிருத்துபவர் அப்போது வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அல்லவா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தார்.

வாசகரே, இது யாரையோ பற்றியது என்ற நிம்மதியோடு பக்கத்தைப் புரட்ட வேண்டாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த வீடு இன்னும் விலைபோகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அந்தத் தெருவழியாகச் சுற்றிக்கொண்டு போகிறவர் நீங்கள் இல்லைதானே? ஆகவே, தாங்கள் கடைசியாகப் பார்த்துத் தள்ளிவிட்ட வீட்டில் இப்போது வசிப்பவர் யார், தாங்கள் வசிப்பது யாருடைய வீட்டில், தள்ளிவிட்ட அந்த வீட்டைத் தங்கள் இல்லத்தில் வேறு யாருக்கேனும் பிடித்திருந்ததா, பிடித்திருந்தால் அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்பனவற்றுக்கு எழுத்து மூலம் பதில் தர வேண்டுகிறோம். பதிலின் அடியில் அவருடைய கையெழுத்தும் இருத்தல் வேண்டும். 'யோசித்துச் சொல்கிறோம்' என்பது பதிலாக ஏற்கப்பட மாட்டாது.