கடித்தவனுக்குச் சொத்தைப்பல் இல்லை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற பல் மருத்துவனாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். தங்கள் சம்பந்தியம்மாவும் சௌக்கியம், மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் பேசுகிறது. தங்கள் மகளும் என் மகனும் மிகவும் சௌக்கியம். கோழிகளில் பெரும்பாலானவை சௌக்கியம். அங்கே தாங்களும் வீட்டில் உள்ளோரும் பண்ணையில் உள்ளோரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

'பெரும்பாலானவை' என்ற சொல்லில் தங்கள் கண் நின்றிருக்கும். அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்லலாம் என்றால், என் மனைவி பாதியில் ஃபோனைப் பிடுங்கி முடிவை முதலில் சொல்லிவிடுவாள். முடிவு நல்ல முடிவுதான், பதறாமல் படிக்கவும்.

கல்யாணமாகி வந்தபோது தங்கள் மகள் தன்னோடு மூன்று கோழிகளைக் கொண்டுவந்தது தங்களுக்குத் தெரியும், கூடையைக் கட்டிக் கொடுத்ததே தாங்கள்தான். வெள்ளை லெகார்ன் ஒன்று, கண்ணே தெரியாதபடி முகமெல்லாம் பஞ்சாக முடி வளர்ந்த சில்க்கி ஒன்று, பழுப்பு நிற நாட்டுக்கோழி ஒன்று. இந்த நாட்டுக்கோழி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால், வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்க்கும். அதனால் அதற்கு டீச்சர் என்று பெயர். குஞ்சிலிருந்து தன் கையில் வைத்து வளர்த்தது என்று தங்கள் மகள் சொன்னாள். எனக்கு இதில் ஆரம்பத்தில் அவ்வளவு ஈடுபாடில்லை. வாழ்நாளெல்லாம் பல்லையே பார்த்தவன் நான், கோழிக்குப் பல் இல்லை, ஆகவே எங்கள் இருவருக்கும் பேசிக்கொள்ள எதுவுமில்லை என்று இருந்துவிட்டேன். தங்கள் மகளும் என்னிடம் அதிகம் பேசமாட்டாள். காபி ஆறிவிட்டது என்றால் "சரிங்க மாமா", மழை வரும்போலிருக்கிறது என்றால் "சரிங்க மாமா". மரியாதையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மருத்துவமனைக்கு முதல்முறை வரும் நோயாளிகூட என்னோடு இதைவிடக் கொஞ்சம் சண்டை போடுவார்.

இந்நிலையில்தான் அவளுக்கு அலுவலகத்தில் வெளியூர்ப் பயிற்சி வந்தது. மகனும் கூடவே போனான். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமா, மத்ததெல்லாம் அத்தை பாத்துப்பாங்க. டீச்சரை மட்டும் நீங்க பாத்துக்கோங்க" என்றாள். அவள் என்னிடம் முதன்முதலாக ஒன்றைக் கேட்டிருக்கிறாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, "நீ கவலையே படாதே" என்றேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு அந்த வாரத்திலேயே விளங்கிவிட்டது.

முதலில் போனது வெள்ளை லெகார்ன். பட்டப்பகலில், நான் பின்கட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போதே போயிற்று. வேலியோரம் கிடந்தது. கழுத்தில் காயம். அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஓய்வுபெற்றதிலிருந்து ஒரு குற்றமும் கிடைக்காமல் கை நமநமவென்று இருந்திருக்கிறது போலும், சுவரேறியே குதித்து வந்துவிட்டார். "டாக்டர், யாரும் எதையும் தொடாதீங்க" என்று எங்கள் வீட்டில் எங்களையே தள்ளி நிற்கவைத்தார். எனக்கும் ஒரு வேகம் வந்தது. கோழிக்குத்தானே பல்லில்லை, கடித்தவனுக்கு உண்டே! உள்ளே போய் என் பழைய வாய்க்கண்ணாடியை எடுத்துவந்து காயத்தைப் பார்த்தேன். சிறிய வாய், கூரான கோரைப்பல், பல்வரிசை கச்சிதம், ஒரு பல்லும் ஆடவில்லை. "சொத்தைப்பல் இல்லாத ஆசாமி" என்று அறிவித்தேன். "நம்ம தெருவுல அப்படி யாருமே இல்லையே டாக்டர்" என்றார் போலீஸ்காரர், கவலையோடு.

ஈரமண்ணில் ஒரு காலடித் தடம் இருந்தது. பல்லுக்கு அச்செடுக்கும் மாவு என்னிடம் மிச்சமிருந்ததால் அதைக் குழைத்து ஊற்றி, காய்ந்ததும் எடுத்துப் பார்த்தோம். வட்டமான, அழகான, சந்தேகத்துக்கிடமில்லாத பூனைப் பாதம். தெருவில் பூனை வளர்ப்பவர் ஒருவர்தான். அவர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். போலீஸ்காரரின் முகம் கறுத்தது. "என் பூனை பாலைத் தவிர எதையும் தொடாது டாக்டர். அதுமேல கேஸ் போடறதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?" நான் அவரைக் கூப்பிடவே இல்லை என்று சொல்லியிருக்கக்கூடாது, சொல்லிவிட்டேன். வந்த சுவர் வழியாகவே திரும்பிப் போனார். அதன்பின் நான் வணக்கம் வைத்தால் அவர் வானத்தைப் பார்த்தார்.

வானத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் பருந்தின் நினைவு வந்தது. வெள்ளைக் கோழி மேலிருந்து பளிச்சென்று தெரியும், அதனால்தான் அது முதலில் போயிற்று என்று ஒரு முடிவுக்கு வந்து, என் பழைய மருத்துவர் கோட்டை ஒரு கம்பில் மாட்டி, தலைக்குச் சட்டி கவிழ்த்து, தோட்டத்தில் நட்டேன். காக்கைகள் அதன் தோளில் உட்கார்ந்து இளைப்பாறின. வேலிக்கு அப்பால் போன பழைய நோயாளி ஒருவர், "டாக்டர், இந்தக் கடைவாய்ப் பல்லு இன்னும் கூசுது" என்று அதனிடம் வாயைத் திறந்து காட்டிவிட்டுப் போனார். பயந்தது அந்தச் சில்க்கி மட்டும்தான், அதுவும் கண் தெரியாமல் கம்பில் போய் முட்டிக்கொண்டதால்.

சரி, போன கோழிக்குப் பதில் ஒன்று வாங்கி வைத்துவிடலாம் என்று கோழி வியாபாரியிடம் போனேன். "சாருக்கு முட்டைக்கா, கறிக்கா, அழகுக்கா?" என்று கேட்டார். "உயிரோட இருக்கறதுக்கு" என்றேன். அவர் யோசித்துவிட்டு ஒரு சண்டைச் சேவலையும் ஒரு கினிக்கோழியையும் கட்டினார். "சேவல் காவல் காக்கும், கினி சத்தம் போடும். ஒண்ணு போலீஸு, ஒண்ணு சைரன்" என்றார். அழகாகத்தான் இருந்தது கேட்க. சேவல் வந்த அன்றே என் கணுக்காலைக் கொத்தியது, மறுநாள் கேஸ் சிலிண்டர்காரரைத் துரத்தியது, என் மனைவியின் பின்னால் மட்டும் நாய்க்குட்டிபோல் சுற்றியது. கினிக்கோழியோ தபால்காரருக்குக் கத்தும், காற்றுக்குக் கத்தும், தன் நிழலுக்குக் கத்தும். நாள் முழுக்க அது கத்திக்கொண்டே இருந்ததால், கடைசியில் அது நிஜமாகவே ஒன்றைப் பார்த்துக் கத்தியபோது நாங்கள் யாரும் எழுந்து போகவில்லை.

நல்லவேளை, அன்று போலீஸ்காரரின் பூனை எங்கள் சுவரில் இருந்தது. அது ஒரு தினுசாக அலறிக்கொண்டு தலைதெறிக்க ஓடியதைப் பார்த்துத்தான் நான் ஜன்னலுக்கு வந்தேன். கீரி! கோழிவலையின் அடியில் மண்ணைப் பறித்து, வயிற்றை ஒட்டவைத்துக்கொண்டு, வீட்டுக்காரன்போல் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. என் காவல் சேவல் கொய்யாமரத்தின் உச்சியில் இருந்தது. சேவல் அவ்வளவு உயரம் பறக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நான் வாளியைத் தட்டிக்கொண்டு ஓடினேன், கீரி என்னை ஒருமுறை நின்று பார்த்தது, வாயைத் திறந்து காட்டிவிட்டு வந்த வழியே ஓடிவிட்டது. நான் சொன்னபடியே பல்வரிசை கச்சிதம். நேரே அடுத்த வீட்டுக்குப் போய்ப் போலீஸ்காரரிடமும் பூனையிடமும் மன்னிப்புக் கேட்டேன். போலீஸ்காரர், "இட்ஸ் ஆல்ரைட் டாக்டர், விசாரணைன்னா அப்படித்தான்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். பூனை மட்டும் இன்னும் வானத்தைப் பார்க்கிறது.

அன்றிலிருந்து நானும் போலீஸ்காரரும் கோட்டை கட்டினோம். கோழிவலை கோழி வெளியே போகாமலிருக்கத்தான் ஆகும், கீரி உள்ளே வராமலிருக்க ஆகாது என்பது எங்களுக்கு அனுபவத்தில் விளங்கியது. ஆகவே விரல் நுழையாத இரும்பு வலை, அதையும் முழங்கை ஆழத்துக்கு மண்ணில் இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக மடக்கி, மேலேயும் மூடி, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, தாழ்ப்பாளுக்கு ஒரு கொக்கியும் போட்டோம். என் மனைவி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டு வாசலுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் போடுங்கன்னு எத்தனை வருஷமா கேக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். எல்லாம் முடிந்து கோழிகளை உள்ளே விட்டுப் பார்த்தால், டீச்சர் இல்லை.

சம்பந்தி அவர்களே, வேலை நடந்தபோது கூடு திறந்துதான் கிடந்தது. வேலியில் ஒரு பழுப்பு இறகு மாட்டியிருந்தது. தெருத் தெருவாகத் தேடினோம். மனிதர்களைக் கூப்பிடுவதுபோல் "டீச்சர், டீச்சர்" என்று நான் கத்திக்கொண்டு போக, பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த ஒரு நிஜ டீச்சர் நின்று, "சொல்லுங்க சார்" என்றார். கைகூப்பிவிட்டு வந்தேன். "மருமககிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்க. அவ ஒண்ணும் கடிச்சுத் தின்னுடமாட்டா" என்றாள் என் மனைவி. தங்கள் மகள் என்னை நம்பிக் கேட்டது அந்த ஒன்றைத்தானே. மறுபடி வியாபாரியிடம் ஓடி, அதே உயரம், அதே பழுப்பு, அதே கொண்டையில் ஒன்றைப் பிடித்துவந்தேன். அன்று மாலை தங்கள் மகள் வீடியோவில் கூப்பிட்டு, "மாமா, டீச்சரைக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். புதுக்கோழி கொஞ்சும் சுபாவம், என் மடியில் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

"மாமா, அவ உங்க மடியிலயா உக்காந்திருக்கா?"

"பழகிட்டாம்மா."

"அவ யார் மடியிலயும் உக்கார மாட்டாளே."

நான், "சிக்னல் சரியில்லை" என்றேன். அவள் குரல் கணீரென்று கேட்டது: "நான் காலையில கிளம்பி வர்றேன் மாமா."

வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமல் நேரே பின்கட்டுக்கு வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. வழக்கம்போல் "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், அதன்பின் நான் இந்த வீட்டில் எப்படி இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"என்ன மாமா நீங்க? அறிவு இருக்கா உங்களுக்கு? காணோம்னா காணோம்னு சொல்ல வேண்டியதுதானே! டூப்ளிகேட் கோழியைக் காட்டி ஏமாத்துவீங்களா? வழியெல்லாம் பஸ்ல அழுதுட்டு வர்றேன் நான்!"

என் மனைவி கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். எனக்கோ, தாங்கள் நம்பமாட்டீர்கள், நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கிவைத்ததுபோல் இருந்தது. என் மகன் என்னைத் திட்டுவது இப்படித்தான். என் மனைவி திட்டுவதும் இப்படித்தான்.

திட்டி முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "காணாம போறதுக்கு முன்னாடி அவ தனியா ஒதுங்கினாளா? கிட்டப் போனா உப்பிக்கிட்டு 'கர்'ருனு சத்தம் போட்டாளா?" போட்டது, என் மேல் உள்ள கோபம் என்று நினைத்திருந்தேன் என்றேன். அவள் முகம் மாறியது. "அடைக்கு உக்காந்திருப்பா மாமா. எங்கயோ முட்டை வெச்சிருக்கா. எப்படியும் தண்ணிக்கு வருவா. பேசாம உக்காருங்க."

இருவரும் பின்கட்டுப் படியில் உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. என் மனைவி காபியை அங்கேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தாங்கள் எப்படி அவளுக்குக் கோழி பிடிக்கக் கற்றுக்கொடுத்தீர்கள், அவள் முதல்முறை சேவலிடம் கொத்து வாங்கியபோது தாங்கள் எப்படிச் சேவலைத் துரத்திக்கொண்டு ஓடினீர்கள், எல்லாம் மெல்லிய குரலில் சொன்னாள். நான் பல் பிடுங்கப்போய் விரலில் கடி வாங்கிய கதைகளைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போது தோட்டத்து மூலையில் பழைய சாமான்கள் போட்டிருக்கும் கொட்டகைப் பக்கமிருந்து டீச்சர் வந்தது! உடம்பெல்லாம் உப்பி, யாரையும் சட்டைசெய்யாமல், தண்ணீரைக் குடித்து, மண்ணில் ஒருமுறை புரண்டு, தலையைச் சாய்த்து என்னை அதே ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பி ஓடியது. நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே போனோம்.

கொட்டகைக் கதவு பூட்டியே இருந்ததால் நாங்கள் அங்கே தேடவே இல்லை. உடைந்த ஜன்னல் வழியாக அது போய்வந்திருக்கிறது. கதவைத் திறந்தால், மருத்துவமனையை மூடியபோது கொடுக்க மனமில்லாமல் நான் போட்டுவைத்திருந்த என் நோயாளி நாற்காலியில், சாய்வை முதுகுக்கு வைத்துக்கொண்டு, முட்டைகளின் மேல் டீச்சர் உட்கார்ந்திருந்தது. என் தொழில்வாழ்க்கை முழுவதிலும் அந்த நாற்காலியில் ஒருவர் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தங்கள் மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக, "பல்லே இல்லாதவளுக்கு நாற்காலியைப் பாரு மாமா!" என்றாள். "பாருங்க" என்று திருத்திக்கொள்ளவில்லை. நானும் திருத்தவில்லை.

ஜன்னலுக்கும் இப்போது இரும்பு வலை போட்டாயிற்று. டூப்ளிகேட் கோழி என் மடியைவிட்டு இறங்குவதாக இல்லை, அதுவும் இருக்கட்டும் என்று தங்கள் மகள் உத்தரவு. ஆகவே தங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: அன்பின் மிகுதியால் இனி ஒரு கோழியும் அனுப்பவேண்டாம். வெள்ளை வேண்டாம், கறுப்பு வேண்டாம், காலில் முடி வைத்த அந்தப் பெரிய பிரம்மா ஜாதிக் கோழி அறவே வேண்டாம். என் மனமும் கணுக்காலும் தாங்காது.

தங்கள் இல்லத்தரசிக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும், பண்ணையில் முட்டையிடும், இடாத அனைவருக்கும் என் ஆசிகளையும் தெரிவிக்கவும். தங்கள் கூடுகளின் அடிப்பக்கம் உறுதியாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: இதை உறையின் வெளியே எழுதுகிறேன், ஏனென்றால் என் மனைவி உறையை ஒட்டிவிட்டாள். தங்கள் மகள் இப்போதுதான் வந்து, "அப்பாவுக்கு லெகார்ன் போனது தெரியவே கூடாது மாமா. அது அவரோட செல்லம், மனசு ஒடிஞ்சு போயிடுவார். எல்லாம் நல்லா இருக்குன்னு மட்டும் எழுதுங்க" என்கிறாள். ஆகையால் தயவுசெய்து உறையைப் பிரிக்கவேண்டாம். பிரித்துவிட்டால் படிக்கவேண்டாம். படித்துவிட்டால் அவளிடம் சொல்லவேண்டாம். எல்லாக் கோழிகளும் நலம். அடுத்தமுறை வரும்போது, தோது இருந்தால், அந்தப் பிரம்மாவில் மட்டும் ஒரு ஜோடி கொண்டுவரவும். என் மனைவிக்குத் தெரியவேண்டாம்.