குழந்தை குறைவான கப்பல்

அமைதி விரும்பி என்றொரு இனம் உண்டு. உலக அமைதியை விரும்புகிறவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் கூட்டம் போட்டுப் பேசிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், யாருக்கும் தொந்தரவில்லை. இவர் தன் இரண்டு காதுக்கு மட்டும் அமைதி கேட்கிறவர். ஹோட்டலுக்குள் நுழைந்ததும் மெனுவைத் தேடாமல் எந்த மேஜையோரம் குட்டி நாற்காலி போட்டிருக்கிறது என்று நோட்டம் விடுவார்; ரயிலில் பக்கத்து இருக்கைக்குப் பால் புட்டியோடு யாராவது வந்தால் இடம் மாற்றித் தரச் சொல்லி டிக்கெட் பரிசோதகரைத் தேடிக் கிளம்பிவிடுவார்; டாக்டரிடம் போனால்கூடத் தன் வியாதியைச் சொல்வதற்கு முன்னால் வெளியே அழுகிற குழந்தையைப் பற்றித்தான் சொல்வார். இவரை அடையாளம் காண ஒரே ஒரு வாக்கியம் போதும். "குழந்தைங்கன்னா எனக்கு உசுரு. ஆனா..." அந்த "ஆனா"வுக்குப் பிறகு அரை மணி நேரம் பேசுவார். காது கிழியப் பேசுவார்.

இந்த இனத்தில் நன்றாக விளைந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாட்டில் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நாள் பூராவும் ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று, அந்த இரைச்சலையும் மீறிக் கத்திக் கத்தியே பதவி உயர்வு வாங்கியவர். அங்கே அவருக்கு "சைரன்" என்று பெயர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பெல்ட்டோரம் நாற்காலி போட்டு, சொர்க்கமே என்று தூங்கியும் இருக்கிறார். ஆனால் பேத்தி பென்சிலால் மேஜையில் தட்டினால் தலைவலி வந்துவிடும். என்ன செய்ய, மென்மையான உடம்பு.

பேத்தியும் பேரனும் வேறு ஊரில் இருக்கிறார்கள். வருடத்தில் ஒரு முறை, பெரிய லீவில், சைரனின் மகள் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து இரண்டு வாரம் தங்குவாள். சைரனின் மனைவி உயிர் வாழ்வதே அந்த இரண்டு வாரத்துக்காகத்தான் என்று சொன்னால் அது மிகையில்லை. லீவு நெருங்குவதற்கு வெகு முன்பே சின்னப் போர்வைகளைத் துவைத்துப் போடுவாள், பரணிலிருந்து மூன்று சக்கர சைக்கிளை இறக்கி எண்ணெய் விடுவாள், உடையக்கூடியதையெல்லாம் மேல் தட்டுக்கு மாற்றுவாள். சைரனுக்குப் பாசம் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கூடத்துச் சுவரில் பேரப்பிள்ளைகள் படத்தை மாட்டி, தினமும் அவர் கையாலேயே துடைக்கிறார். படத்தில் இருக்கிற குழந்தைகள் கட்டிலிலிருந்து குதிப்பதில்லை.

இந்த வருடம் சைரன் திடீரென்று மனைவியிடம், "கப்பல்ல ஒரு சுத்து போயிட்டு வரலாமா?" என்றார். அவளுக்கு நம்பவே முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் கூட்டிக்கொண்டு போன தூரமான இடம் அவருடைய அக்கா வீடு.

"எப்போங்க?"

"பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்று ஒரு ஆண் சொன்னால் எல்லாவற்றையும் முன்பே பார்த்துவிட்டான் என்று பொருள். இது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கப்பல் என்ற சொல்லின் சந்தோஷத்தில் விட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து டிராவல்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்குக் கெட்ட காலம் ஆரம்பமானது. சைரன் தினமும் அவளைப் போனில் பிடித்துத் தலையைத் தின்றார். தொழிற்சாலை அவர் காதில் பாதியைத் தின்றுவிட்டதால் போனில் எப்போதும் ஸ்பீக்கர்தான். அமைதியான கப்பலைத் தேடி அவர் நடத்திய பேச்சுவார்த்தை தெரு முழுவதற்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

"அந்தக் கப்பல்ல தண்ணிச் சறுக்கு இருக்காம்மா?"

"இருக்கு சார், மூணு."

"வேணாம். மேஜிக் ஷோ?"

"தினமும் உண்டு சார்."

"வேணாம். கரைக்கு அடிக்கடி போகுமா?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

"கரை தெரிஞ்சாலே பசங்க கூச்சல் போடும். வேணாம்."

இப்படிக் குழந்தைகளுக்குப் பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து, சறுக்கு இல்லாத, சினிமா இல்லாத, பலூன் இல்லாத, நாள்கணக்கில் தண்ணீரைத் தவிர எதுவும் கண்ணில் படாத, மாலையில் கோட்டு போட்டுக்கொண்டு கப்பல் கட்டுமான வரலாறு பற்றிச் சொற்பொழிவு கேட்கிற ஒரு கப்பலை அவள் கண்டுபிடித்துக் கொடுத்தாள். மிதக்கிற இரும்பும் சூப்பும்தான் மிச்சம். சைரனுக்குப் பரம திருப்தி.

"ஐஸ்கிரீம் மெஷினும் கிடையாது சார்," என்றாள் அவள் பெருமையாக.

"அதைக்கூடவா எடுத்துட்டாங்க?" என்றார் சைரன், கொஞ்சம் சுரத்தில்லாமல்.

மனைவி பக்கத்து மேஜையில் சின்னப் போர்வையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் டிராவல்ஸ் பெண், நல்ல மனதோடு, கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டாள்.

"சார், லீவு முடிஞ்சப்புறம் இதே கப்பல் மறுபடி கிளம்புது. ஒரு குழந்தைகூட இருக்காது. விலையும் பாதிதான். அதுல போட்டுடட்டுமா?"

"வேணாம். லீவுலயே போகணும்."

"நீங்க ரிட்டயர்டுன்னு சொன்னீங்களே. ஸ்கூல் போற பசங்க யாராவது கூட வராங்களா?"

"யாரும் வரல. நாங்க ரெண்டே பேர்."

"அப்புறம் ஏன் சார் லீவுலயே?"

நியாயமான கேள்வி. சைரன் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தினால் எதிர்வீட்டு மாடிக்கு மட்டும் கேட்காது.

"லீவுலதாம்மா பசங்க இங்க வருவாங்க."

குட்டு உடைந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மனைவி அவரைப் பார்த்தாள்.

"வருஷம் பூரா இந்த ரெண்டு வாரத்துக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியும். அதுக்கில்ல..."

"தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க."

அவள் அழவில்லை, போனின் பக்கம் குனிந்தாள்.

"ஏம்மா, ஒரே ஒரு டிக்கெட் போடு."

"ஒருத்தர் போனாலும் ரெண்டு பேர் காசு வரும் மேடம்."

"வரட்டும். பக்கத்துல காலியா இருந்தா அவருக்கு இன்னும் அமைதியா இருக்கும்."

சைரன் அந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நீங்களும் நானும் சொல்லியிருப்போம். ஆனால் அமைதி விரும்பிக்கு அமைதியைவிடப் பெரிய சொத்து ஒன்று உண்டு, அதற்கு வீம்பு என்று பெயர். பேரப்பிள்ளைகள் வந்து இறங்கிய அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினார்.

கப்பல் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஒரு குழந்தை இல்லை. மேல்தளத்து நாற்காலிகளில் வரிசையாகச் சைரன்களே படுத்திருந்தார்கள், ஆளுக்கொரு புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டு. முதல் நாள் நன்றாகத் தூங்கினார். மறுநாள் எதையாவது குறை சொல்ல வேண்டும் போல இருந்தது; சொல்ல ஆளில்லை. வரவேற்பு மேஜைக்குப் போய் லிஃப்ட் மணி சத்தம் அதிகம் என்று புகார் கொடுத்தார். அவருக்கு முன்னால் அதே புகாரோடு வரிசையில் பலர் நின்றார்கள். அடுத்த நாள் கப்பலின் வைஃபையில் வீட்டுக்குப் போன் போட்டார்.

"இங்க எவ்வளவு நிம்மதியா இருக்கு தெரியுமா?"

"என்னங்க? கேக்கல. ரெண்டும் கட்டில்லேருந்து குதிச்சுக்கிட்டு இருக்கு."

அதற்குள் பேத்தி போனைப் பிடுங்கிவிட்டாள். "தாத்தா, நாங்க வந்ததாலயா நீங்க போயிட்டீங்க?"

முப்பது தொழிலாளிகளை ஒரே அதட்டில் அடக்கிய வாய் ஒரு பொய்யைத் தேடியெடுத்தது.

"இல்லம்மா. கப்பல் அப்பதான் கெடச்சுது."

"எங்களையும் கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

"இங்க சறுக்கெல்லாம் இல்லம்மா."

"பரவால்ல. நாங்க சும்மா ஓடுவோம்."

பின்னால் எதுவோ விழுந்தது. பேரன் சிரித்தான். "வெச்சிடட்டுமா?" என்றாள் மனைவி.

"வேணாம். அப்படியே மேஜைமேல வெச்சிரு."

போனை மடியில் வைத்துக்கொண்டு சைரன் அந்தக் கூச்சலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டும் போல இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் புத்தகத்தைத் தாழ்த்தினார்.

"சார், கொஞ்சம் நிறுத்துறீங்களா? எனக்கும் குழந்தைங்கன்னா உசுருதான். ஆனா..."

ஸ்பீக்கரை அணைத்தால் சைரன் காதில் எதுவும் விழாது. எழுந்து, சத்தம் போட அனுமதி உள்ள இடத்தைத் தேடிப் படிக்கட்டு படிக்கட்டாக இறங்கினார். நூலகத்தில் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் முறைத்தார்கள். கடைசியில் இயந்திர அறைக் கதவோரம் யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. அங்கே இயந்திரங்கள் போட்ட இரைச்சலில் குழந்தைகளின் குரல்தான் கேட்கவில்லை. போனைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டு, இணைப்பு போகிறவரை அங்கேயே நின்றார்.

அவர் திரும்பி வந்தபோது பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். வீடு அவர் வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டபடியே அமைதியாக இருந்தது. மனைவி முகம் மலர்ந்திருந்தாள், இரண்டு வாரத்துச் சந்தோஷம் இன்னும் கண்ணில் மிச்சமிருந்தது. சைரன் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கேட்டார்.

"பசங்களுக்கு அடுத்த லீவு எப்போ?"

"ஏன்," என்றாள் அவள், "இப்பவே கப்பல் பாக்கணுமா?"

சரி, சைரனை விடுங்கள். அந்த இனத்தோடு உங்களுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நீங்கள் நல்லவர். இதை வாசிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஏதோ சத்தம் வந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். உள்ளே இருந்தது யார் என்று பார்த்தீர்களா?