நாற்பது விநாடிப் பாட்டு நீண்டுபோனது பற்றி

கடஹி, விஸ்கான்சின்
அக்டோபர் 1984

‘பல்வலி’ பத்திரிகையின் ஆசிரியரும், நிருபரும், ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடிப்பவருமான திரு. டெனிஸ் கோர்ஸ்கி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே யாரும் நலமில்லை, காரணம் தாங்கள். தாங்களாவது நலமாக இருக்க வேண்டும், திட்டு வாங்கத் தெம்பு வேண்டுமல்லவா?

சென்ற இதழில் என் மகன் ராண்டி பாடும் ‘காலாவதி’ குழுவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பையன்கள் மொட்டையை விட்டு முடி வளர்த்துவிட்டார்களாம், நாற்பது விநாடிப் பாட்டை மூன்று நிமிடம் இழுத்தார்களாம், ஆகவே பேருக்கும் காசுக்கும் விலைபோய்விட்டார்களாம். அத்தனையும் தப்பு. நிரூபிக்கிறேன்.

ஹார்ட்கோர் பங்க் என்கிற இந்த அதிவேக ராக் பாட்டு எனக்கு நேற்றுத் தெரிந்த சமாச்சாரம் இல்லை. கலிபோர்னியாவிலிருந்தும் வாஷிங்டனிலிருந்தும் முதல் ரெக்கார்டுகள் தபாலில் வந்த நாள் முதல் அது என் வீட்டு நிலவறையில்தான் குடியிருக்கிறது. பழைய பங்க் ரொம்ப மெதுவு என்று இந்தப் பிள்ளைகள் அதை இன்னும் வேகமாக விரட்டு விரட்டென்று வாசித்தார்கள். வயசு பத்தாது, பாருக்குள் விடமாட்டோம் என்று சொன்னதும், கையில் பெரிய பெருக்கல் குறி போட்டுக்கொண்டு, உங்க குடி யாருக்கு வேணும், பாட்டு போதும் என்று நின்றார்கள். அதுவும் சரிப்படாமல் சர்ச் ஹாலைப் பிடித்தார்கள். ஓட்டை வேனில் ஊர் ஊராகப் போகிற குழுக்கள் எல்லாம் என் வீட்டுத் தரையில் படுத்து எழுந்தவைதான். டெக்சாஸ்காரர்கள் வந்தபோது ஒருத்தர் பாக்கியில்லாமல் ஜலதோஷம், எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஆக, சரித்திரம் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

முடி விஷயத்துக்கு வருகிறேன். நாலு பேருக்கும் மொட்டை அடித்துவிடுவது நான்தான். கோடையில் என் முடிவெட்டும் மெஷின் புகைந்துபோயிற்று. ரிப்பேர்காரர் பார்ட் வரணும், பார்ட் வரணும் என்று இழுத்தடிக்கிறார். கொள்கை மாறி முடி வளரவில்லை தம்பி, மெஷின் வராமல் வளர்ந்தது!

அடுத்து, பாட்டு. கச்சேரி அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? வாசலில் நின்று பத்திரிகை விற்றுக்கொண்டிருந்தீர்கள். காதால் கேட்டுக் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவிட்டீர்கள். உள்ளே நடந்ததைக் கேளுங்கள். ராண்டிக்கு ஆஸ்துமா. பாட்டு தொடங்கியதுமே அவன் உதடு வெளுக்கிறது. கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துக்கொண்டு, ஒருத்தர்மேல் ஒருத்தர் பாய்ந்து ஆடுகிற பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து மேடை ஏறிவிட்டேன். “அம்மா, இறங்கும்மா, மானம் போகுது!” என்கிறான். “மூச்சு போகுதுடா, முதல்ல அதைப் பாரு” என்றேன். ரெண்டு தடவை இழுத்து, மூச்சை உள்ளே நிறுத்தி வைக்கணுமே, அதுவரைக்கும் மற்ற மூணு பேரும் என்ன செய்வாங்க? வாசிச்சதையே திரும்பத் திரும்ப வாசிச்சாங்க. அப்புறம் நான் இறங்கலாம்னு பார்த்தா படியெல்லாம் கூட்டம். கீழேயிருந்து கத்தறாங்க, “குதிங்க மிசஸ் பிலார்ஸ்கி! நாங்க பிடிச்சுக்கறோம்!” குதிச்சேன். கைப்பையோடு அப்படியே தலைக்கு மேலே தூக்கி, கைமாற்றிக் கைமாற்றி, கடைசியில் காபி மேஜை பக்கத்தில் நிக்க வெச்சாங்க. ஜாக்கெட்டெல்லாம் இரும்பு ஆணி குத்தின ஒரு பையன் என் செருப்பைத் தேடிக் கொண்டுவந்து, “வலிக்கலையே?” என்று கேட்டுவிட்டுப் போனான். நான் சந்தோஷத்தில் அழுதேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் ஆனது இதனால்தான்.

உங்கள் விமர்சனம் வந்ததும் டிரம்ஸ் வாசிக்கும் வெய்ன், “நீ ஸ்டார் ஆகணும்னுதானே இழுத்தே?” என்றானாம். “நீ நிறுத்தித் தொலைச்சிருக்கலாம்ல?” என்றானாம் ராண்டி. நாலு பேரும் நாலு திக்கு. ராண்டி அறையை விட்டு வெளியே வருவதில்லை. நிலவறை நிசப்தமாகக் கிடக்கிறது, எனக்குத் தூக்கம் வரவில்லை. ஞாயிறு மத்தியானம் சர்ச் ஹாலில் ஒஹையோ குழுவோடு இவர்களும் வாசித்தாக வேண்டும். அதற்குள் உங்கள் மறுப்பை அச்சடித்து, குழுவைச் சேர்த்துவையுங்கள். இந்தக் கடிதத்தை ஒரு எழுத்து குறைக்காமல் போடவும்.

தங்கள் தாயாரை விசாரித்ததாகச் சொல்லவும். தங்கள் ஜெராக்ஸ் மெஷின் மை தீராமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
டொலோரஸ் பிலார்ஸ்கி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுத் தபால்தலை தேடப் போனேன். திரும்பி வந்தால் ராண்டி படித்துக்கொண்டிருக்கிறான், முகத்தில் ஈயாடவில்லை. போனைப் போட்டான். கொஞ்ச நேரத்தில், ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் விழிக்காத அந்த நாலு பேரும் என் சமையலறையில் ஒன்றாக நிற்கிறார்கள். “அந்தப் பத்திரிகை கலிபோர்னியா வரைக்கும் போகுது மிசஸ் பிலார்ஸ்கி! அம்மா மேடையேறி மருந்து கொடுத்தாங்கன்னு தெரிஞ்சா நாங்க எந்த ஊர்லயும் தலைகாட்ட முடியாது. விலைபோனோம்னே இருந்துட்டுப் போகட்டும்!” என்று வெய்ன் கெஞ்சுகிறான். “ஞாயித்துக்கிழமை வாசிப்பீங்களா?” என்றேன். “வாசிக்கிறோம்.” “அப்போ கீழே நிலவறைக்குப் போங்க” என்றேன். இதை எழுதும்போது மேஜை ஆடுகிறது, அதனால்தான் கையெழுத்து இப்படி. ஆகவே மறுப்பு வேண்டாம், எதையும் போட வேண்டாம். ஆனால் தம்பி, கடிதத்தைக் கிழித்துவிடாதே. பத்திரமாக வைத்திரு. இவர்கள் மறுபடி சண்டை போட்டால் சொல்கிறேன், முதல் பக்கத்தில் போட்டுவிடு.