ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இல்லை

வெள்ளிக்கிழமை மத்தியானம், கையில் இருந்த காப்பி ஆறுவதற்குள், என் வாழ்க்கையின் மிக உறுதியான முடிவை எடுத்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்கப் போவதில்லை.

அன்றைக்கு எங்கள் மகள் எம்னாவைப் பெண் கேட்க வருகிறார்கள். துனீசியாவில் இந்த விஷயத்தில் ஏழை பணக்காரன் பேதம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே முறை. பையன் வீட்டார் இனிப்போடு பெண் வீட்டுப் படி ஏறி வர வேண்டும். பெண்ணின் அப்பா கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்பார்கள். அவர் சம்மதித்தால் எல்லோருமாகக் கையேந்தி, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதுவார்கள். ஓதியாயிற்றா, பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பின்வாங்குகிறவன் வேறு ஊருக்குக் குடிபோய்விடுவது நல்லது.

ஆக, இந்த ஏற்பாட்டுக்குக் கட்டாயம் தேவைப்படும் சாமான் ஒன்றே ஒன்றுதான். பெண்ணின் அப்பா. அந்தச் சாமான் வீட்டில் இல்லாவிட்டால்?

பையன் மீது எனக்கு ஒரு புகாரும் இல்லை. பெயர் வஜ்தி. ஊர் தெஸ்தூர். மாட்டு டாக்டர். புகைப்படத்தை நீட்டினார்கள், மூக்குக்கண்ணாடி இல்லை என்று சொல்லிவிட்டேன். அது மூக்கின் மேல்தான் இருந்தது. பாதி ஆயுளைப் பிரான்சில், லியோன் நகரத்தில் தனியாகக் கழித்துவிட்டுப் போன வருடம்தான் ஊர் திரும்பியிருக்கிறேன். மகளோடு சேர்ந்தாற்போல் ஒரே ஒரு குளிர்காலம் காலைக் காப்பி குடித்திருக்கிறேன். அதற்குள் ஒருவன் வந்து கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவதா?

"ஞாயித்துக்கிழமை துக்கா போறோம்" என்றேன் என் மனைவி நைலாவிடம். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரோமாபுரி இடிபாட்டுக்கா? அங்க என்ன இருக்கு?"

"தூணு இருக்கு. கோயில் இருக்கு. ரெண்டாயிரம் வருஷத்துக் கல்லு."

"அன்னிக்கு அவங்க வர்றாங்களே."

"கல்லு காத்திருக்காது."

"ரெண்டாயிரம் வருஷமாக் காத்துக்கிட்டுதானே இருக்கு?"

"நைலா, நான் முடிவு பண்ணிட்டேன்."

அவள் இன்னும் இரண்டு காய் உரித்தாள்.

"சரிங்க. போலாம். எம்னாவும் வரட்டும்."

நான் அரபியிலும் படித்தவன், பிரெஞ்சிலும் படித்தவன். நைலா ஒரே மூச்சில் "சரிங்க" என்று சொன்னால் அது இரண்டு மொழியிலும் நல்ல சகுனமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது இதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்?

ஞாயிறு காலையில் என் கம்பளிக் கோட்டு இஸ்திரி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"கல்லு பாக்கப் போறதுக்கு எதுக்கு கோட்டு?"

"மலை மேல காத்து அடிக்கும்."

"இவ ஏன் குதிகால் செருப்பு போட்டிருக்கா?"

"ரோமாபுரி அரங்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கணுமாம். சின்னப் பொண்ணு, விடுங்க."

எம்னா பின் இருக்கையில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். வானம் மூடியிருந்தது.

மஜாஸ் ஊரைத் தாண்டும்போதே முதல் வழிமாற்றம் வந்தது.

"ஏங்க, இவ்வளவு தூரம் வந்துட்டு பேஜாவுல மகாரிக் வாங்காமப் போறதா?"

பேஜா எங்கள் வழியில் இல்லை. ஆனால் பாகில் ஊறிய அந்த மகாரிக் சுருளை நினைத்ததும் வண்டி தானாகவே வடக்கே திரும்பியது. கடையில் நைலா இரண்டு பெரிய பெட்டி வாங்கினாள்.

"ரிப்பன் கட்டிக் குடுங்க, தம்பி. தங்கக் கலரு."

"ரிப்பன் எதுக்கு? நாமதானே தின்னப் போறோம்?"

"நமக்கு நாமே கொஞ்சம் மரியாதை பண்ணிக்கக் கூடாதா?"

மீண்டும் சாலைக்கு வந்தபோது, பூட்டிய எங்கள் வீட்டு வாசலில் ஒரு மாட்டு டாக்டர் குடும்பத்தோடு நிற்கும் காட்சி மனக்கண்ணில் தோன்றியது. சிரித்துவிட்டேன்.

"என்ன சிரிப்பு?"

"பாவம், கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியிருக்கும்."

"அப்படியெல்லாம் தட்ட மாட்டாங்க" என்றாள் நைலா. "ரொம்ப நிதானமான மனுஷங்க."

தெஸ்தூர் துக்காவுக்குப் போகும் சாலையிலேயே இருக்கிற ஊர். அதற்கு நானா பொறுப்பு? பையனின் ஊர்தான், ஆனால் பையன் வீட்டார் அந்நேரம் எங்கள் வாசலில் அல்லவா நின்றுகொண்டிருப்பார்கள்? அன்றைக்குத் தெஸ்தூரைவிடப் பத்திரமான ஊர் நாட்டிலேயே கிடையாது. தைரியமாக இறங்கி, பள்ளிவாசல் கோபுரத்துக் கடிகாரத்தை மகளுக்குக் காட்டினேன். அதன் முள் இடமிருந்து வலம் சுற்றாது, வலமிருந்து இடம் சுற்றும். ஸ்பெயின் பக்கத்து ஆந்தலூசியாவிலிருந்து இங்கே குடிவந்தவர்கள் ஏன் அப்படி வைத்தார்கள் என்று எனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து விளக்கினேன்.

"கடிகாரமே ரிவர்ஸ்ல போற ஊரு" என்றாள் நைலா. "இங்க எது தலைகீழா நடந்தாலும் யாரும் கேக்க மாட்டாங்க. பசிக்குதுங்க. இங்க ஒரு வீட்டுல வழிப்போக்கருக்குச் சாப்பாடு போடுறாங்களாம்."

"சொல்லி வெச்சிருக்கியா?"

"சும்மா, ஒரு வார்த்தை."

அந்தப் பக்கத்தில் இது சகஜம். வீட்டிலேயே சமைத்துப் போடுவார்கள். பின்தெருவில் நீலக் கதவு. வாசலில் ஒரு தடித்த மனிதர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பெயர் ஹம்மாதி என்றார். என்னைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். லியோனில் ஒரே உணவகத்தில் வருடக்கணக்காகச் சாப்பிட்டிருக்கிறேன். ஒருவன் கைகூடக் குலுக்கியதில்லை. என்ன இருந்தாலும் சொந்த நாடு சொந்த நாடுதான் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பெட்டியை எடுத்துட்டு வாங்க" என்றாள் நைலா. "கார்ல வெச்சா பாகு இளகிடும்."

தங்க ரிப்பன் கட்டிய இரண்டு பெட்டிகளோடு, கோட்டு போட்டுக்கொண்டு, நானே அந்த வாசற்படி ஏறினேன். ஹம்மாதியின் மனைவி மப்ரூக்கா, "ஐயோ, எதுக்குங்க இதெல்லாம்!" என்று பெட்டிகளை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"நைலா, நம்ம பெட்டி!"

"குளிர்ச்சியா வெப்பாங்க. மானத்தை வாங்காதீங்க."

கை கழுவ ஒரு வாலிபன் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினான். பாதி என் கையில் விழுந்தது, பாதி கோட்டில்.

"பயப்படாதே தம்பி. வேலைக்குப் புதுசா?"

"ஆமாங்க" என்றான். "இன்னிக்குத்தான் முதல் நாள்."

சாப்பாட்டைப் பற்றி என்ன சொல்வது? குஸ்குஸ் மீது ஆட்டுக்கறி சரிந்து கிடந்தது. அடுப்பிலிருந்து நேராக வந்த தாபூனா ரொட்டி, காலையில் கறந்த பாலில் செய்த பாலாடைக் கட்டி, உதிர்த்த மாதுளை. எனக்குப் பக்கத்தில் சிவப்புக் குல்லா வைத்த ஒரு பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் எங்களைப் போல் வழிப்போக்கர் என்று நினைத்து, "பாலாடையை விட்டுடாதீங்க ஐயா, இந்த மாதிரி வேற எங்கயும் கிடைக்காது" என்று அவருக்கு நானே எடுத்து வைத்தேன்.

தட்டுகளை எடுத்ததும் அந்தப் பெரியவர் என் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார்.

"அப்போ, நஜீப் ஐயா, உங்களுக்குச் சம்மதம்னா நல்ல காரியத்துக்கு ஃபாத்திஹா ஓதிடலாமா?"

என் வாய் நிறையப் பாலாடை. எதிர்ச் சுவரில் சட்டம் போட்ட பழைய படம் ஒன்று தொங்கியது. பெரிய மீசை. இறந்தவர்களுக்கும் ஃபாத்திஹாதானே ஓதுவது? யாரோ தவறிப்போனவர், அவருக்காக ஓதச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். சாப்பிட்ட வீட்டில் இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? உருக்கமாகத் தலையாட்டினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து திரும்பியவன் எல்லாவற்றையும் மறந்திருப்பான் என்று எங்கள் ஜனங்களுக்கு ஒரு நினைப்பு. அதை அந்த அறையிலேயே தகர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கையேந்தி, கண்ணை மூடி, நீட்டவேண்டிய இடத்தில் நீட்டி, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி ஓதினேன். அந்தச் சபையிலேயே என் குரல்தான் உரக்க ஒலித்தது.

"ஆமீன்!"

உள்ளே இருந்து குலவைச் சத்தம் வெடித்தது.

"நைலா, செத்தவருக்கா குலவை போடுறாங்க?"

"யாரு செத்தது?"

"அந்தப் படத்துல இருக்கறவரு."

"அதோ, உங்க பக்கத்துலதானே உக்காந்திருக்காரு. பையனோட பெரிய தாத்தா. சின்ன வயசுப் படம்."

பெரியவரைப் பார்த்தேன். மீசை நரைத்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"சம்பந்தி!" என்று ஹம்மாதி என்மீது பாய்ந்தார். தண்ணீர் ஊற்றிய வாலிபன் குனிந்து என் நெற்றியில் முத்தமிட்டான். அவன்தான் மாட்டு டாக்டர் வஜ்தி. மப்ரூக்கா என் மகாரிக் பெட்டிகளைத் திறந்து எல்லோருக்கும் பரிமாறினாள். எனக்கு ஒன்று கிடைத்தது.

இல்லை, தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்வதற்காக வாயைத் திறந்தேன். கதவோரத்தில் எம்னா நின்றிருந்தாள். அந்த அறையில் அவள் வஜ்தியைப் பார்க்கவில்லை, நைலாவைப் பார்க்கவில்லை. என் வாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாய்க்குள் இருந்த மகாரிக்கை மென்று விழுங்கினேன்.

திரும்பும் வழியில் நகரத்து விளக்குகள் தெரிந்ததும் நைலாவிடம் சொன்னேன்.

"ஏமாத்திட்ட."

"நானா? வண்டி ஓட்டுனது நீங்க. பெட்டியைத் தூக்குனது நீங்க. எல்லாரையும்விட சத்தமா ஓதுனது நீங்க. அந்தத் தாத்தா, 'இப்படி ஆசையாப் பொண்ணு குடுக்கற அப்பாவை நான் பாத்ததே இல்ல'ன்னு அழுதுட்டாரு."

"துக்கா?"

"மூடியிருப்பாங்க. கல்லு எங்க ஓடிடப் போகுது?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"செல்லாது!" என்றேன். "இது செல்லவே செல்லாது. முறைன்னு ஒண்ணு இருக்கு. பையன் வீட்டாருதான் பொண்ணு வீட்டுப் படி ஏறணும். பொண்ணோட அப்பன் இனிப்பைத் தூக்கிக்கிட்டுப் போனா அது கணக்குலயே வராது."

"சரிங்க" என்றாள் நைலா. ஒரே மூச்சில்.

நான் கண்ணாடியைப் பார்த்தேன். தெருவிளக்கு வெளிச்சத்தில் எங்களுக்குப் பின்னால் ஒரு பழைய பிக்கப் வண்டி வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் வஜ்தி. பக்கத்தில் ஹம்மாதியும் மப்ரூக்காவும், அவர்களுக்கு நடுவே நசுங்கிக்கொண்டு ஒரு சிவப்புக் குல்லா. பின்தட்டில் ஒரு ஆடு நின்றது. அதன் கழுத்தில் என்னுடைய தங்க ரிப்பன்.

"ஞாயித்துக்கிழமை வர்றோம்னு வாக்குக் குடுத்திருந்தாங்க. வாக்குத் தவற மாட்டாங்க" என்றாள் நைலா. "நம்ம தெருதான் அவங்களுக்குத் தெரியாது. 'எங்க வீட்டுக்காரர் முன்னால போவாரு, பின்னாலயே வாங்க'ன்னு சொல்லிட்டேன்."

"அப்பா, கொஞ்சம் மெதுவா" என்றாள் எம்னா. "ஆடு பயப்படுது."

வேகத்தைக் குறைத்தேன். எங்கள் தெரு திரும்பும் இடம் புதியவர்களுக்குச் சட்டென்று தெரியாது. தவறவிடப் போகிறார்களே என்று, நல்ல தூரத்திலேயே திரும்பும் விளக்கைப் போட்டேன்.