தொடப்பிடாத சட்டி

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் விஜயதாசுக்கு, பாறசாலையிலிருந்து உன் தாய்மாமனும் மாமனாருமாகிய யோசுவா சொல்லச் சொல்ல, நம்முடைய சபை உபதேசியார் ராஜதாஸ் எழுதுவது. இவ்விடம் நானும் உன் மாமியும் உன் பெஞ்சாதி விமலகுமாரியும் ஆண்டவர் கிருபையால் சுகம். திருவனந்தபுரத்தில் உன் சுகத்துக்காகவும், உன் லபரட்டரி வேலை நிரந்தரமாவதற்காகவும் குடும்ப ஜெபத்தில் மறவாமல் வேண்டிக்கொள்ளுகிறோம். இனி காரியம். அந்த வேலை நிரந்தரமாகாமப் போனா அதுக்குக் காரணம் நீயாக்கும், நானில்ல. இதை முதல்லயே எழுதும் வேய் எண்ணு உபதேசியாரிட்ட சொல்லிப்போட்டேன்.

நீ தெக்கே மணல் கம்பெனிக்குக் கொண்டுபோக ரெண்டு கண்ணாடிச் சட்டியை வைக்கோல் பெட்டியில வச்சுகிட்டு வந்தே. தமிழ்நாட்டோட சேரணும் எண்ணு நம்ம ஆளுவ ரோட்டை மறிச்சதுனால பஸ்ஸு அங்ஙோட்டு போகல்ல. பெட்டியை எனக்க வீட்டுல இறக்கி வச்சுட்டு என்ன சொன்னே? வெள்ளாரங்கல்லை உருக்கிச் செய்த கண்ணாடி, தீயில சிவக்கக் காய்ச்சி அப்படியே பச்சத்தண்ணியில போட்டாலும் கீறாது, இதை முழுசா கொண்டு சேத்தா வேலை நிரந்தரமா உறைச்சுப்போவும், விமலகுமாரியைக் கூட்டிட்டுப் போயி குடித்தனம் வச்சிருவேன் எண்ணு சொன்னே. நல்ல காரியம். அதோட நிறுத்தியிருக்கப்பிடாதா? முற்றத்துல இறங்கச்சில திரும்பிப் பாத்து, "மாமா, ஆரும் கையாலே தொடப்பிடாது" எண்ணு சொல்லிட்டு நடந்தியே, அதாக்கும் எல்லா நாசத்துக்கும் தொடக்கம்.

எலே, அந்த வார்த்தையை ஆரிட்ட சொன்னே? கொல்லம் வருஷம் ஆயிரத்து அறுபத்தஞ்சு, மேடமாச வெயிலு, எனக்க அப்பன் நாவறண்டு ஒரு கிணத்தங்கரையில போயி நிண்ணாரு. "தொடாதே, தள்ளி நில்லு" எண்ணு ஒருத்தன் கத்தினான். நான் அப்பனுக்க இடுப்புத்துணியைப் பிடிச்சுட்டு நிண்ணேன். அவனுக்க மேல்பல்லு ஒண்ணு கறுத்துக் கிடந்தது இப்பவும் எனக்குக் கண்ணுல நிக்குது. அதெல்லாம் போயி, தேசம் சுதந்திரம் வாங்கி, நான் வோட்டும் போட்டு, இப்ப எனக்க கூடப்பிறந்த பெங்ஙளுக்க மகன் எனக்க வீட்டுல வச்சு எனக்கிட்ட தொடப்பிடாது எங்கியான்.

இதுக்கெடையில சாயாக்கடை பொன்னப்பன் வந்தான். காரியம் கேட்டதும், "உம்ம மருமோன் திருவனந்தபுரத்துல போயி பூணூல் போட்டுட்டானா ஓய்?" எண்ணு ஒரு கேள்வி. எனக்கு உச்சி வரை ஏறிச்சு. ஒரு சட்டியை எடுத்து ரெண்டு கையாலயும் நல்லா தடவினேன். அண்ணு, எல்லை பிரிக்க டில்லியில இருந்து வாற கமிஷனுக்குக் குடுக்கிய மனுவுல எழுத்தறியாத்தவங்க கைநாட்டு வைக்க நம்ம வீட்டுல கூடின நாளாக்கும். வந்தவங்க எல்லாரிட்டயும் நான் சொன்னேன், "முதல்ல சட்டியைத் தொடு, பொறவு மனுவுல விரலை வை." பொழியூரில இருந்து மீன் கொண்டுவாற திரேசம்மா கருவாட்டுக் கையோட தடவிப்போட்டு, "நல்ல வழுவழுப்பு பாட்டா, சாளைமீனுக்க வயிறு மாதிரி" எண்ணா. உபதேசியாரும் தொட்டாரு. இதை எழுதணுமா எண்ணு கேக்காரு. எழுதும் வேய், எழுதும்.

பொறவு பொன்னப்பன், "தீயில போட்டா கீறாது எண்ணது மெய்யா?" எண்ணான். எனக்க குடும்பத்துக்க மானம் அல்லியோ? கொல்லன் சிவதாணுக்க உலையில வச்சு ஊதினோம். சட்டி செம்பரத்திப்பூ போல சிவந்துது. கொறட்டாலே பிடிச்சுத் தண்ணித்தொட்டியில போட்டான். சுர்ர் எண்ணு ஒரு சத்தம். கீறல் இல்ல! ஊரு கூடிக் கூவிச்சு. கூட்டம் நடக்குது எண்ணு நினைச்சு ஒரு ஏட்டும் ரெண்டு போலீசுகாரனுவளும் லத்தியோட ஓடி வந்தாவ. ஏட்டு மலையாளத்துல அதட்டினான்.

"எந்தாடோ இது? வெடிமருந்நோ?"

"சட்டி ஏமானே."

"சட்டியில் எந்தா?"

"ஒண்ணுமில்ல ஏமானே."

"ஒண்ணுமில்லாத்த சட்டிக்கு இத்தறயும் ஆளோ?"

பொறவு ஏட்டு தன் கையாலே சட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, எனக்கும் காட்டு எண்ணான். திரும்பவும் உலை. "இனியும் ஊது, இனியும் ஊது" எண்ணு அவன் நிண்ண நிப்புல அந்தி வரை சட்டி தீயில கிடந்துது. ஆறினப்போ பாத்தா கீறல் இல்ல, ஆனா தொட்ட இடமெல்லாம் விரல் விரலா வெள்ளை பூத்துக் கிடக்குது. வீட்டுக்குக் கொண்டுவந்து சாம்பல் போட்டுத் தேச்சோம், புளி போட்டுத் தேச்சோம், போகல்ல. "கமிஷனுக்கு மனு அனுப்பண்டாம், இந்தச் சட்டியை அனுப்பினாப் போரும், ஊருக்க கைநாட்டு ஒக்க உண்டு, ஏட்டுக்கதும் சேத்து" எண்ணான் பொன்னப்பன். எல்லாரும் சிரிச்சாவ. விமலகுமாரி மட்டும் அடுக்களையில இருந்து அழுதா.

மறுநாள் வெள்ளறடையில சயன்ஸ் சொல்லிக்குடுக்கிய மோகனன் சார் வந்து பாத்தாரு. கை வேர்வையில உப்பு உண்டாம், அது ஒட்டினபடியே தீயில வச்சா இந்தக் கண்ணாடி வெளுத்துப் பொரிஞ்சு போவுமாம், அதுக்காக்கும் தொடாதே எண்ணதாம். அட பாவி மக்கா! உப்பு எண்ணு ஒரு வார்த்தை சொல்ல உனக்க வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துது? நான் எழுத்தறியாத்தவன், புத்தி கெட்டவன் இல்ல. காரணம் சொல்லியிருந்தா நானே துணி சுத்தி வச்சிருப்பேன். காரணம் சொல்லாம தொடாதே எண்ணவனுக்கு எனக்க ஆயுசுல நான் அடங்கினது இல்ல, இனியும் அடங்கமாட்டேன்.

மத்த சட்டி இதுவரை ஆரும் தொடாம பெட்டியில உண்டு. அதை ஒளிச்சு வைக்க எனக்கு மனசில்ல. வாசல்ல தொறந்தே வச்சிருக்கேன், தொடணும் எண்ணவங்க தொட்டுட்டுப் போட்டும். உனக்க மேலதிகாரி கேட்டா, சட்டியைக் கெடுத்தது பாறசாலை யோசுவா எண்ணு சொல்லு. கூப்பிட்டா நானே வந்தும் சொல்லுவேன்.

ஆண்டவர் உனக்கு நல்ல சுகத்தையும், காரணம் சொல்லத் தக்க நாவையும் தந்து ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு, உன் மாமன் யோசுவா. பெருவிரல் ரேகை.

பி.கு: உபதேசியார் கவரை ஒட்ட சோத்துப்பருக்கை எடுக்கப் போன நேரம் திரேசம்மா தலையில இருந்த மீன்கடவத்தை இறக்கி வச்சுட்டு, "மத்ததும் இதுபோலயா பாட்டா?" எண்ணு பெட்டிக்குள்ள கையை நீட்டினா. "தொடாதே, தள்ளி நில்லு!" எண்ணு ஒரு சத்தம். ஆரு கத்தினது எண்ணு நானும் திரும்பிப் பாத்தேன். நானாக்கும். அவ கடவத்தைத் தூக்கிட்டு இறங்கிப் போனா. "உப்பு பிள்ளே, உப்பு!" எண்ணு ரோடு வரைக்கும் பொறத்தால ஓடினேன். அவ திரும்பிப் பாக்கல்ல. சட்டி முழுசா உண்டு, சீக்கிரம் வந்து எடுத்துட்டுப் போ. வரச்சில பொழியூர் வழியா வா மக்கா. காரணத்தை நீ அவளிட்ட சொல்லு.